பரனூரில் பூட்டிய வண்டி

போன தை மாதம் திண்டுக்கல்லிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏப்பா, ஒரு பி.எம்.டபிள்யூ பாத்திருக்கேன். பழசுதான். 2017 மாடல், 3 சீரீஸ், டீசல். விக்கிறவன் ஃபுல் இம்போர்ட்டுங்கிறான். அதுக்காகவே ஒன்றரை லட்சம் கூடச் சொல்றான். நீ ஹார்பர்ல திரியிற ஆளு, உண்மையான்னு பாத்துச் சொல்லு."

சித்தப்பா நாகல் நகரில் நாற்பது வருடம் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். மாங்காய்ப் பூட்டு செய்வதில் அவருக்கு ஊரில் தனிப் பெயர் உண்டு. அலிகாரில் மெஷினில் செய்த பூட்டு லாரி லாரியாக வந்து திண்டுக்கல் கடைகளிலேயே தொங்க ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்தவர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதையே "திண்டுக்கல் பூட்டு" என்று ஆசையாக வாங்கிப் போவார்கள். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்குப் போன் செய்து ஐந்து நிமிடம் பேச முடியாமல் இருந்தார். அந்த மனிதர் "எந்த ஊரில் செய்தது" என்று கேட்டால் அது பவிசுக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. பொருளின் மேல் எழுதியிருக்கும் ஊரும், அதை ராவித் தேய்த்த கையின் ஊரும் ஒன்றுதானா என்று கேட்கிறார். அதனால் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றியது.

நான் பதினெட்டு வருடமாக ராஜாஜி சாலைப் பக்கம், துறைமுகத்தில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் போடுவதும், டூட்டி கணக்குப் பார்ப்பதும், கஸ்டம்ஸ் ஹவுஸ் படியேறி இறங்குவதும்தான் பிழைப்பு. விற்கிறவர் அனுப்பிய படங்களைச் சித்தப்பா எனக்குத் தள்ளிவிட்டார். முன் கண்ணாடியின் ஓரத்தில் தெரியும் சேஸிஸ் எண்ணை மட்டும் பெரிதாக்கி, முதல் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. டபிள்யூ. "டபிள்யூன்னா ஜெர்மனி சார்." அதுதான் அவர் காட்டிய சான்று.

பாதி உண்மை. சேஸிஸ் எண்ணில் 17 இடங்கள் உண்டு. முதல் மூன்றும் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். டபிள்யூ ஜெர்மனிக்கு ஒதுக்கிய எழுத்து. 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா. 3 என்றால் மெக்சிகோ இருக்கும் வரிசை. இந்தியாவுக்கு எம்-ஏ முதல் எம்-இ வரை கொடுத்திருக்கிறார்கள். டபிள்யூ-பி-ஏ என்றால் மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.டபிள்யூ. ஆனால் அது நிறுவனத்தின் முகவரி. வண்டி எந்தக் கூரைக்குக் கீழே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டப்பட்டது என்பதை அந்த மூன்று எழுத்துகள் உறுதியாகச் சொல்லாது. அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில் செய்த முதல் தலைமுறை எக்ஸ்5 வண்டிகள் பலவற்றின் எண்ணும் டபிள்யூ-பி-ஏ என்றுதான் தொடங்கும். ஆலையைச் சொல்வது 11-ஆவது இடத்தில் இருக்கும் எழுத்து. அதை யாரும் வட்டம் போட்டுக் காட்டுவதில்லை.

காகிதம் பொய் சொல்லாது. முழு வண்டியாக வெளிநாட்டிலிருந்து வந்ததைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் சுங்க அனுமதிச் சான்று வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 47-ஆவது விதி அதைக் கேட்கிறது. "சித்தப்பா, முதல் ஓனர் ரெஜிஸ்ட்ரேஷனுக்குக் குடுத்த பேப்பர் காப்பியைக் கேளுங்க. அதுல கஸ்டம்ஸ் பேப்பர் இருக்கான்னு பாருங்க" என்றேன். இல்லை. அது இருக்காது என்று எனக்கு முதலிலேயே தெரியும். 3 சீரீஸ் வண்டி எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பூட்டப்படுகிறது.

நாங்கள் இருப்பது சிங்கப்பெருமாள் கோயிலில். செங்கல்பட்டு லோக்கலில் அடுத்த நிறுத்தம் பரனூர், அதைத் தாண்டினால் கொளவாய் ஏரி. பரனூர் ஸ்டேஷனை ஒட்டித்தான் மகேந்திரா வேர்ல்டு சிட்டி. 2007 மார்ச் 29-ஆம் தேதி அங்கே பி.எம்.டபிள்யூ ஆலை திறந்தது. முதலில் 3 சீரீஸ், அடுத்து 5 சீரீஸ். பிறகு 7 சீரீஸ், எக்ஸ்1, எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்7 என்று வரிசை நீண்டது. 2022 தொடக்கத்தில் ஒரு லட்சமாவது வண்டி வெளியே வந்ததாக அறிவித்தார்கள். அது ஒரு 7 சீரீஸ். இந்தியச் சாலையில் போகும் பி.எம்.டபிள்யூ கார்களில் பெரும்பாலானவை இந்த ஆலையின் வாசல் வழியாக வந்தவைதான். அத்தனை பேருக்கும் தெரிந்த கம்பெனி, ஆனால் பரனூர் சுங்கச் சாவடியில் பத்து நிமிடம் நிற்கிற ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் பி.எம்.டபிள்யூ செய்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

"அப்ப நம்ம ஊர்ல செஞ்சதுன்னு சொல்லு" என்றார் சித்தப்பா. குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அங்கேதான் நான் தயங்கினேன். அவர் பூட்டுக்காரர். தகடு வெட்டுவது, நெம்புகோல் அடிப்பது, சாவிக்கு வெட்டுப் போடுவது எல்லாம் ஒரே பட்டறையில் நடந்தால்தான் அவர் அகராதியில் அது "செய்தது". அந்த அளவுகோலை வைத்தால் பரனூர் ஆலையை என்ன சொல்வது?

ஒரு கார் முழுமையாக உருவாக நான்கு பெரிய கூடங்கள் வேண்டும். எஃகுத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப், அந்தத் தகடுகளைப் பற்றவைத்து உடலாக்கும் பாடி ஷாப், பெயின்ட் ஷாப், கடைசியாக அசெம்பிளி. பணத்தை விழுங்குவது முதல் மூன்றும்தான். வருடத்துக்கு லட்சக்கணக்கில் வண்டி ஓடினால்தான் அவை கட்டுப்படியாகும். பரனூர் ஆலையின் அளவு ஆண்டுக்குப் பதினாலாயிரம் வண்டிகளைச் சுற்றித்தான் பேசப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே இங்கே இருப்பது நான்காவது கூடம் மட்டும். பெயின்ட் அடித்து முடித்த உடல் கன்டெய்னரில் வருகிறது. அதோடு இன்ஜின் பாகங்கள், கியர்பாக்ஸ் பாகங்கள், மின்கருவிகள். ஒரு வண்டிக்கு வேண்டியதெல்லாம் எண் போட்டு, பெட்டி பெட்டியாக. துறைமுகத்தில் இதற்குப் பெயர் சி.கே.டி. கிட். முழு வண்டியாக வந்தால் சி.பி.யூ.

ஏன் இப்படிப் பிரித்து அனுப்பி, இங்கே வைத்துப் பூட்ட வேண்டும்? கப்பல் கூலி மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அது அல்ல. சுங்க வரி அட்டவணையில் கார்களுக்கான 8703 என்ற தலைப்பின் கீழ் வரும் சில வாசகங்கள்தான் காரணம். நாற்பதாயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கார் முழுதாக வந்து இறங்கினால் நூறு ரூபாய் மதிப்புக்கு 110 ரூபாய் சுங்கம். 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியை 70 ஆக்கி, மீதி 40-ஐ வேளாண் கட்டமைப்புக் கூடுதல் வரியாக மாற்றினார்கள். கூட்டினால் அதே 110. அதே கார் பிரித்த கிட்டாக வந்தால் 15 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரி ஒன்றரை. 110 எங்கே, பதினாறரை எங்கே! ஜி.எஸ்.டி. இதற்கெல்லாம் பிறகு தனியாக வருகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் தொழிலில் நான் மிகவும் ரசிக்கும் இடமும் அதுதான். ஆரம்பத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஏற்கெனவே பூட்டி முடித்த நிலையில் கிட்டோடு வந்தாலும் அது கிட் என்றே ஒத்துக்கொள்ளப்பட்டது. 2011 பட்ஜெட்டில் அரசு கிட் என்ற சொல்லுக்குக் கறாராக விளக்கம் எழுதியது. இன்ஜின், கியர்பாக்ஸ் இவற்றில் ஏதாவது ஒன்று முன்னரே பூட்டப்பட்டிருந்தால் அதற்கு உயர்ந்த வரி. 2023 பட்ஜெட்டில் அது 35 சதவீதம் ஆனது. அறிவிக்கையில் இருப்பது ஒன்றிரண்டு வாக்கியம்தான். அந்த வாக்கியங்கள் சென்னைப் பக்கம் தொழில் கொண்டு வந்தன. 2015-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பி.எம்.டபிள்யூவுக்காக இங்கே இன்ஜினும் கியர்பாக்ஸும் பூட்டத் தொடங்கியது. இசட்.எஃப். ஹீரோ சக்கர அச்சுகள் கொடுத்தது. கதவு உட்பலகையும் ஒயரிங்கும் டிராக்ஸ்ல்மயரிடமிருந்து, இருக்கைகள் லியரிடமிருந்து, புகைபோக்கிக் குழாய் டென்னிகோவிடமிருந்து, ஏ.சி. பாகங்கள் வேலியோ, மாலே பெர் நிறுவனங்களிடமிருந்து. அந்த ஏப்ரலில் சச்சின் டெண்டுல்கர் பரனூருக்கு வந்து, தொழிலாளர்களோடு நின்று ஒரு 5 சீரீஸில் இன்ஜினைப் பொருத்தினார். உள்ளூர்ப் பங்கு ஐம்பது சதவீதம் வரை போகிறது என்று நிறுவனம் அன்று சொன்னது. பத்திரிகைகள் சச்சின் படத்தைப் போட்டன. எனக்கு அந்தப் படத்தில் தெரிந்தது 8703-க்குக் கீழே இருக்கும் அந்த வாசகம்தான்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே போனேன். "அப்ப பாதி நம்ம ஊரு, பாதி ஜெர்மனி" என்றார்.

அதுவும் முழுச் சரியில்லை. ஜெர்மனி என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. 5 சீரீஸும் 7 சீரீஸும் பிறக்கும் டிங்கோல்ஃபிங் கீழ் பவேரியாவில் ஒரு சின்ன ஊர், சுற்றிலும் விவசாய நிலம். அங்கே ஹன்ஸ் கிளாஸ் என்பவரின் குடும்பக் கம்பெனி விதைப்புக் கருவி செய்துகொண்டிருந்தது. போருக்குப் பிறகு கோகோமொபில் என்ற குட்டிக் கார் செய்து பேர் வாங்கியது. பிறகு நொடித்துப்போக, 1966-இல் பி.எம்.டபிள்யூ அதை வாங்கியது. 1973-இல் புது ஆலையில் பி.எம்.டபிள்யூ கார் ஓட ஆரம்பித்தது. இன்று சுற்று வட்டார கிராமங்களிலிருந்தெல்லாம் கம்பெனி பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கமெல்லாம் விடிகாலையில் ஓடும் கம்பெனி பஸ்களைப் பார்க்கிறவர்களுக்கு டிங்கோல்ஃபிங்கைப் புரிந்துகொள்ள ஒரு கஷ்டமும் இருக்காது.

எக்ஸ்5, எக்ஸ்7 வாங்குகிறவர் "ஜெர்மன் வண்டி" என்று சொல்லிக்கொள்கிறாரே, அந்த உடல் ஜெர்மனியைப் பார்த்ததே இல்லை. அது ஸ்பார்ட்டன்பர்க்கிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் பஞ்சாலைகளை நம்பிப் பிழைத்த ஊர் அது. 1994-இல் அங்கே முதல் பி.எம்.டபிள்யூ வெளிவந்தது. இன்று ஆண்டுக்கு நாலு லட்சம் வண்டிகளுக்கு நெருக்கமாகவோ அதற்கு மேலோ செய்து, அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே பெரியவற்றில் ஒன்றாக நிற்கிறது. அவற்றில் பெரும் பங்கு சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாக உலகத்துக்குப் போகிறது. ஜெர்மனிக்கும்தான்! ஜெர்மனிக்காரர் வாங்கும் எக்ஸ்5 அவருக்கே இறக்குமதி வண்டி.

இந்தியாவுக்கு முழு வண்டியாக வருகிறவற்றைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. எம்2 என்ற சின்ன, வேகமான கார் மெக்சிகோவில் சான் லூயிஸ் பொட்டோசியில் செய்வது. 2019-இல் திறந்த ஆலை. இசட்4 ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மேக்னா ஸ்டெயர் என்ற வேறொரு கம்பெனி செய்து கொடுத்தது, டொயோட்டா சுப்ராவோடு ஒரே கூரைக்குக் கீழே. ஐ4 மியூனிக்கில், ஐ7 டிங்கோல்ஃபிங்கில். ஜெர்மனிக்கு வெளியே பி.எம்.டபிள்யூ முதலில் வைத்த ஆலை எது தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ராஸ்லின், 1973. பல தலைமுறை 3 சீரீஸ் அங்கே பிறந்தது, 2018 முதல் எக்ஸ்3.

ஆகவே "இம்போர்ட் வண்டி" என்று ஒருவர் ஒன்றரை லட்சம் கூடக் கேட்கும்போது, எந்த நாட்டிலிருந்து என்ற கேள்வியைத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். பரனூரில் பூட்டிய வண்டி ஒரு படி மட்டம் என்று விற்கிறவரும் வாங்குகிறவரும் பேசாமலே ஒத்துக்கொள்கிறார்கள். போல்ட் முறுக்க ஒரே டார்க் கருவி, ஒரே அளவு, ஒரே சோதனை. போல்ட்டை எந்த அழுத்தத்தில் முறுக்க வேண்டும் என்பது நியூட்டன் மீட்டரில் எழுதியிருக்கிறது, அது முறுக்குகிறவனின் ஊரைப் பார்த்து மாறாது. அதற்காக உடல் முழுதும் இங்கேயே செய்தோம் என்று நான் சொல்லப் போவதும் இல்லை. சித்தப்பா முன்னால் அப்படிச் சொன்னால் அது அலிகார் பூட்டில் திண்டுக்கல் என்று முத்திரை அடிப்பது போல ஆகிவிடும்.

முழுதாக இங்கேயே செய்கிற பி.எம்.டபிள்யூவும் உண்டு. இதைச் சொன்னபோதுதான் சித்தப்பா நிஜமாகவே எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன், போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. 2013-இல் டி.வி.எஸ்ஸும் பி.எம்.டபிள்யூவின் மோட்டார் சைக்கிள் பிரிவும் ஒப்பந்தம் போட்டன. அதன்படி ஓசூரில் ஜி 310 ஆர் பைக் செய்தார்கள். 313 சி.சி., ஒற்றை சிலிண்டர், பின்பக்கம் சாய்த்து வைத்த இன்ஜின். வார்ப்பு, கடைசல், பெயின்ட், பூட்டுதல் எல்லாம் இந்த மண்ணில். ஓசூரிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போனது. அந்தக் கூட்டணியில் ஓசூரில் செய்த வண்டிகளின் கணக்கு இரண்டு லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஜெர்மனியில் ஒரு கல்லூரி மாணவன் தன் முதல் பி.எம்.டபிள்யூவாக அந்த பைக்கை வாங்கினால், அவன் ஊர்ப் பழைய வண்டி வியாபாரி அதை "இம்போர்ட்" என்று சொல்லிக் கூட விலை கேட்பாரா?

மறைமலை நகரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். ஃபோர்டு ஆலையில் பாடி ஷாப், பெயின்ட் ஷாப், இன்ஜின் எல்லாம் இருந்தது. அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட் வண்டிகள் இங்கிருந்துதான் கப்பல் ஏறின. 2022-இல் உற்பத்தி நின்றது. முழுதாகச் செய்த ஆலை நின்றது, பிரித்து வந்ததைப் பூட்டுகிற ஆலை ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டேஷனில் தினமும் ரயில் ஏறுகிறவன் நான்.

என் மச்சான், மனைவியின் தம்பி, பரனூர் ஆலையில் வேலை செய்கிறான். ஐ.டி.ஐ. முடித்தவன். அவன்தான் எனக்கு அந்த உலகத்தின் சொற்களைக் கற்றுக்கொடுத்தவன். மேலே தொங்கும் உடலும், கீழிருந்து எழும்பி வரும் இன்ஜினும் அச்சும் ஒன்று சேரும் இடத்துக்கு மேரேஜ் என்று பேர். ஜெர்மன்காரர்களும் அதைக் கல்யாணம் என்றுதான் சொல்வார்களாம். "மாமா, மேரேஜ்ல இருக்கிறவனுக்குத்தான் லைன்ல மரியாதை" என்பான். அவன் இருந்தது கதவில். உடலோடு வரும் கதவைக் கழற்றித் தனி லைனுக்கு அனுப்பி, கண்ணாடி, மோட்டார், பூட்டு, ஸ்பீக்கர், உட்பலகை எல்லாம் மாட்டி, கடைசியில் அதே வண்டிக்கு அதே கதவைத் திரும்பப் பூட்டுவது. வேறு வண்டியின் கதவு மாறிப் போனால் இடைவெளியில் அரை மில்லி வித்தியாசம் காட்டிக் கொடுத்துவிடும்.

சித்தப்பா அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காமல் வண்டியை வாங்கினார். மாசி மாதம் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு, பாடலாத்ரி நரசிம்மரைக் கும்பிட வருவதாகச் சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு வந்தார். சாயங்காலம் மச்சான் ஷிஃப்ட் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். வண்டியைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டான்.

"எந்த வருஷம் மாமா?"

"2017, தம்பி."

"2017-ல நான் கதவுல இருந்தேன்."

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. வண்டியைச் சுற்றிப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். கைக்குட்டையால் லாட்சைத் துடைத்தார். கதவைத் தள்ளி மூடினார். திரும்பத் திறந்து, இந்த முறை காதைக் கிட்டே வைத்துக்கொண்டு, விரல் நுனியால் மெல்ல மூடினார். நாற்பது வருடம் நெம்புகோல் விழும் சத்தத்தைக் கேட்டே பூட்டைத் தேர்ந்தெடுத்த காது அது.

"வாப்பா" என்று மச்சானைக் கூப்பிட்டார். "எது எது நீ மாட்டினது, காட்டு."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான்.